ராஸி எராஸ்மஸ்: பெஞ்சில் இருப்பவரையும் முதல் வரிசைக்குக் கொண்டுவந்த ரக்பி பயிற்சியாளர்

நரிமேடு (இழையைத் தொடங்கியவர்)

கபடி, ஹாக்கி, ஜல்லிக்கட்டு என்று பேசி அலுக்காத இந்த இடத்தில் ரக்பிக்கு ஓர் இழை தொடங்குகிறேன். 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பையை வென்ற பிறகு, மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு ஓட வரும் பையன்களே அந்த விளையாட்டைப் பற்றி விசாரிக்கிறார்கள். அது ஏழு பேர் ஆடும் வடிவம். நான் பேச வந்தது பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனைப் பற்றி. அதிலும் ஒரே ஒருவரைப் பற்றி: தென்னாப்பிரிக்காவின் ராஸி எராஸ்மஸ்.

1972 நவம்பரில் கிழக்கு கேப் பகுதியில் டெஸ்பாட்ச் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். ஆடிய இடம் ஃபிளாங்கர். இரு அணியின் கனத்த ஆட்களும் குனிந்து கோத்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மின் ஓரத்தில் நின்று, பந்து வெளியே வந்தவுடன் பிய்த்துக்கொண்டு ஓடி, எதிரணிக்காரரை விழுத்தாட்டி, தரையில் கிடக்கும் பந்தைக் கைப்பற்ற வேண்டிய வேலை அது. 80 நிமிடமும் ஓட்டம்தான். 1997இல் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்கு எதிரான மூன்றாவது டெஸ்டில், அதாவது சர்வதேச ஆட்டத்தில், ஜொகனஸ்பர்க்கில் அறிமுகமானார். தொடர் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. அந்த ஆட்டத்தை மட்டும் தென்னாப்பிரிக்கா 35-16 என்று வென்றது. அதன் பிறகு நிக் மாலெட்டின் பயிற்சியில் தொடர்ந்து 17 டெஸ்டுகளை வென்ற அணியில் அவர் இருந்தார். 1999 உலகக் கோப்பை அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் ஆஸ்திரேலியாவிடம் 27-21 என்று தோற்ற அணியிலும் இருந்தார். மொத்தம் 36 டெஸ்ட். காயங்கள் துரத்த, முப்பது வயதைத் தாண்டிய கொஞ்ச காலத்திலேயே ஆட்டத்தை விட்டார்.

இத்தோடு நின்றிருந்தால் அவர் பெயர் தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரிந்திருக்காது. பயிற்சியாளராக 2019 உலகக் கோப்பையை வென்றார். 2023இல் அணியின் இயக்குநராக இருந்து மறுபடியும் வென்றார். ஆனால் கோப்பைகளைக் காட்டிலும் என்னை ஈர்ப்பது வேறு. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் இரண்டாம் தரம் என்று எல்லா விளையாட்டிலும் ஊறிப்போன எண்ணத்தை அவர் அடித்து நொறுக்கினார். நம் பக்கத்துப் பயிற்சியாளர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான கருத்து. மற்றவர்கள் சொல்லுங்கள்.

உசிலை

36 டெஸ்ட் ஆடியவர் நல்ல ஆட்டக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு ஓர் அடிப்படைக் கேள்வி இருக்கிறது. களத்தில் பெரிய ஆள் என்று பெயர் வாங்காதவர் சொன்னால், பெரிய ஆட்டக்காரர்கள் கேட்பார்களா? எங்கள் ஊர்க் கபடியில் பயிற்சி கொடுக்க வருபவர் முதலில் ஒரு முறை பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வர வேண்டும். அப்போதுதான் பையன்கள் காது கொடுப்பார்கள்.

ஆனையூர்

உசிலை அண்ணன் கேள்விக்கு ரக்பி வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

1987 முதல் 2023 வரை பத்து ஆடவர் உலகக் கோப்பைகள் நடந்திருக்கின்றன. வென்ற அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்கள் வரிசையாக பிரையன் லொகோர், பாப் டுவயர், கிட்ச் கிறிஸ்டி, ராட் மக்வீன், கிளைவ் உட்வர்ட், ஜேக் ஒயிட், கிரஹாம் ஹென்றி, ஸ்டீவ் ஹேன்சன், ராஸி எராஸ்மஸ், ஜாக் நீனாபர். இவர்களில் நாட்டுக்காக டெஸ்ட் ஆடியவர்கள் லொகோர், உட்வர்ட், எராஸ்மஸ் ஆகிய மூவர்தான். ஆட்டக்காரராக உலகக் கோப்பையை வென்று, பிறகு தலைமைப் பயிற்சியாளராகவும் வென்றவர் இந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை.

மறுபக்கமும் பாருங்கள். 2003இல் இங்கிலாந்துக்குக் கோப்பையை வாங்கித் தந்த கேப்டன் மார்ட்டின் ஜான்சன். அவர் ஒரு சொல் சொன்னால் அணியே எழுந்து நிற்கும். 2008இல் அவரையே இங்கிலாந்தின் பொறுப்பில் வைத்தார்கள். 2011 உலகக் கோப்பையில் கால் இறுதியோடு கதை முடிந்தது, அவரும் விலகினார். அதே இங்கிலாந்தை 2019இல் இறுதிப் போட்டிவரை கொண்டுபோனவர் எடி ஜோன்ஸ். ஆஸ்திரேலியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆட வாய்க்காதவர். 2015இல் ஜப்பானை வைத்துத் தென்னாப்பிரிக்காவையே 34-32 என்று கவிழ்த்ததும் அவர்தான்.

ஆடும்போது கிடைத்த பெயர், பயிற்சியாளராக உள்ளே நுழைய உதவும். நுழைந்த பிறகு நிலைக்க வைப்பது வேறு சரக்கு.

திருமங்கலம் பி.டி. வாத்தியார்

ஆனையூர்த் தம்பி கொடுத்த பட்டியலில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கிரஹாம் ஹென்றி ஆக்லாந்தில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். ஜேக் ஒயிட்டும் பள்ளி ஆசிரியர். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

வாழ்நாள் முழுவதும் அரசுப் பள்ளி மைதானங்களில் விசில் ஊதியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பிறவியிலேயே கை கால் ஓடுகிற ஆட்டக்காரருக்குத் தான் செய்வதை விளக்கத் தெரியாது. 'இப்படிப் போ, அவ்வளவுதான்' என்பார். பையன் விழிப்பான். ஆசிரியர் அப்படி விட முடியாது. வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேருக்கும் ஏற வேண்டும். ஒரே விஷயத்தை நான்கு விதமாகச் சொல்லிப் பழகியவருக்கு மைதானத்தில் அந்தப் பழக்கம் கை கொடுக்கிறது.

நரிமேடு தம்பி, உங்கள் எராஸ்மஸ் பாடம் சொல்லத் தெரிந்தவரா? அதைச் சொல்லுங்கள். கோப்பைக் கணக்கு எனக்குப் பெரிதில்லை.

நரிமேடு

ஐயா, அவர் கதையில் சுவையான பகுதியே அதுதான்.

ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே எதிரணியின் ஆட்டத்தை வீடியோவில் ஓட்டிப் பிரித்துப் பார்ப்பவர் என்று பெயர் எடுத்தவர் அவர். மற்றவர்கள் எடை தூக்கிக்கொண்டிருந்தபோது இவர் கணினித் திரை முன்னால் இருந்தார். ஆட்டத்தை விட்டதும் புளூம்ஃபோன்டைன் நகரின் சீட்டாஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 2005இல் தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டுக் கோப்பையான கரி கோப்பை இறுதியில், பிரிட்டோரியாவுக்கே போய் புளூ புல்ஸ் அணியை 29-25 என்று வென்றார்கள். 1976க்குப் பிறகு அந்த அணிக்குக் கிடைத்த முதல் கோப்பை. பயிற்சியாளருக்கு அப்போது வயது 32. அடுத்த ஆண்டு இறுதி 28-28 என்று சமனில் முடிய, கோப்பையை இரு அணிகளும் பகிர்ந்துகொண்டன.

அந்தக் காலத்து ஒரு காட்சியை மட்டும் விரித்துச் சொல்கிறேன். ஆட்டம் நடக்கும்போது எராஸ்மஸ் மைதானத்தின் கூரை மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் வண்ண விளக்குகள். எந்த நிறம் எரிகிறதோ அதற்கேற்ற ஆட்டமுறைக்குக் கீழே உள்ளவர்கள் மாற வேண்டும். பார்த்தவர்களில் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பல்லாயிரம் பேர் கத்தும் இடத்தில் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கூவினால் எதிர் முனையில் இருக்கும் ஓர ஆட்டக்காரரான விங்கருக்கு என்ன கேட்கும்? விளக்கு தெரியும். தரையில் இருந்து பார்த்தால் எதிரில் ஆட்கள் கூட்டமாகத்தான் தெரிவார்கள். உயரத்தில் இருந்தால் எங்கே இடைவெளி விழுகிறது என்பது புலப்படும். 2023 உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்து ஆட்டத்தின்போதும் தென்னாப்பிரிக்கர்கள் வண்ண விளக்குகளை ஏந்தியிருந்ததை உலகமே பார்த்தது. பாடத்தை மாணவர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி தேடியவர் அவர். இது ஆசிரியர் குணம் இல்லையா, ஐயா?

செல்லூர்க்காரி

நான் பெண்கள் கபடி ஆடியவள், இப்போது பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். விளக்கு, வீடியோ எல்லாம் சரி. அவர் மனிதர்களை எப்படி நடத்தினார் என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை. தோற்று நொறுங்கிப்போன பிள்ளைகளை மறுநாள் மைதானத்துக்கு வரவைப்பதுதான் பயிற்சியாளருக்குக் கடினமான வேலை. அதில் அவர் எப்படி?

ஆனையூர்

சகோதரி கேட்டதற்கு அயர்லாந்தில் மன்ஸ்டர் அணியோடு அவர் இருந்த காலத்தைத்தான் சொல்ல வேண்டும்.

2016இல் மன்ஸ்டர் அவரை ரக்பி இயக்குநராக அழைத்தது. தலைமைப் பயிற்சியாளராக அங்கே ஏற்கெனவே இருந்தவர் ஆன்டனி ஃபோலி. மன்ஸ்டருக்காகவே ஆடி, 2006இல் ஐரோப்பாவின் ஹெய்னெகன் கோப்பையைக் கேப்டனாக வாங்கித் தந்தவர். அந்த ஊரின் பிள்ளை. இப்படிப்பட்டவருக்கு மேலே வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து அமர்ந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அங்கே இருவரும் ஒத்துப்போய் வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். அக்டோபர் 16 அன்று, பாரிஸில் ஓர் ஆட்டத்துக்காக அணி தங்கியிருந்த விடுதியில், ஃபோலி தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 42.

அடுத்த சனிக்கிழமை லிமெரிக்கில் கிளாஸ்கோவுக்கு எதிராக ஆட்டம். முந்தின நாள்தான் அடக்கம் நடந்திருந்தது. ஆட்டத்தின் முதல் பாதியிலேயே கீத் ஏர்ல்ஸுக்குச் சிவப்பு அட்டை. 14 பேரோடு ஆடி 38-17 என்று வென்றார்கள். அந்தப் பருவம் முழுக்க எராஸ்மஸ் அந்த அணியைத் தாங்கிப் பிடித்தார். லீக்கின் இறுதிவரையும் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதிவரையும் போனார்கள். இரண்டிலும் தோல்விதான், லீக் இறுதியில் பெரிய தோல்வி. ஆனாலும் அந்தப் பருவத்தின் சிறந்த பயிற்சியாளர் விருதை அவருக்குத்தான் கொடுத்தார்கள்.

செல்லூர்க்காரி

இதைத்தான் கேட்டேன். நன்றி அண்ணா. உள்ளூர்க்காரரின் இடத்தைப் பிடுங்காமல் அவரோடு சேர்ந்து வேலை செய்தாரே, அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு.

நரிமேடு

இப்போது என் முதல் பதிவில் சொன்ன பெஞ்ச் விஷயத்துக்கு வருகிறேன். புதியவர்களுக்காக: ரக்பி யூனியனில் களத்தில் 15 பேர், பெஞ்சில் 8 பேர். பதினைந்தில் எட்டுப் பேர் ஃபார்வர்டுகள். ஸ்க்ரம்மில் முட்டித் தள்ளும் கனத்த உடல்காரர்கள். ஏழு பேர் பேக்குகள், ஓட்டக்காரர்கள். பெஞ்சிலும் ஐந்து ஃபார்வர்டு, மூன்று பேக் என்று வைப்பதே வழக்கம்.

2018 தொடக்கத்தில் எராஸ்மஸ் பொறுப்பேற்றபோது தென்னாப்பிரிக்கா கிடந்த கிடை மோசம். 2016இல் இத்தாலியிடம் முதல்முறையாகத் தோற்றிருந்தது. 2017இல் நியூசிலாந்து 57-0 என்று துவைத்து எடுத்தது. உலகக் கோப்பைக்கு இன்னும் ஒன்றரை ஆண்டுதான். அவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று சியா கொலிசியைக் கேப்டன் ஆக்கியது. அந்த நாட்டு டெஸ்ட் அணிக்கு முதல் கறுப்பினக் கேப்டன். கொலிசி தலைமையேற்ற முதல் டெஸ்டில் இங்கிலாந்து 24-3 என்று முன்னே போய்விட்டது. தென்னாப்பிரிக்கா திரும்பி வந்து 42-39 என்று வென்றது. அதே ஆண்டு நியூசிலாந்துக்கே போய் வெலிங்டனில் 36-34.

2019இல் ஜப்பானில் பெஞ்சை மாற்றி அமைத்தார். ஆறு ஃபார்வர்டு, இரண்டே பேக். உலகின் தலைசிறந்த ஹூக்கர்களில் (ஸ்க்ரம் முன்வரிசையின் நடுவில் நிற்பவர்) ஒருவரான மால்கம் மார்க்ஸை, நாக்-அவுட் ஆட்டங்களில் பெஞ்சில் உட்கார வைத்தார். வேறு அணியில் இதை அவமானப்படுத்துவதாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே பெஞ்சில் இருந்தவர்கள் தங்களுக்கு 'பாம்ப் ஸ்குவாட்' என்று பெயர் வைத்துக்கொண்டு அதைப் பெருமையாகச் சுமந்தார்கள். எதிரணியின் முன்வரிசை முக்கால் மணி நேரம் முட்டிக் களைத்திருக்கும்போது, புத்தம் புதிய வலுவோடு முன்வரிசையே மாறி உள்ளே வரும். இறுதிப் போட்டியில் இரண்டாம் பாதி தொடங்கிய சிறிது நேரத்தில் ஸ்டீவன் கிட்ஷாஃபும் வின்சென்ட் கோக்கும் வந்தார்கள். இங்கிலாந்தின் ஸ்க்ரம் அதற்கு மேல் தலையெடுக்கவில்லை. கடைசியில் மபிம்பியும் கோல்பியும் ஆளுக்கொரு ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டு 32-12. முதல் ஆட்டத்தில் நியூசிலாந்திடம் தோற்ற பிறகு இப்படி முடித்தார்கள். குழுச் சுற்றில் தோற்ற அணி கோப்பையை வென்றது அதுவரை நடக்காதது.

2023 அரையிறுதியிலும் இதே கதை. இங்கிலாந்து 15-6 என்று முன்னே இருந்தது. மழை. தென்னாப்பிரிக்கா எதுவும் சரியாக ஆடவில்லை. கேப்டன் கொலிசியையே வெளியே அழைத்துவிட்டார்கள். பெஞ்சிலிருந்து வந்த ஸ்னைமன் ட்ரை போட்டார். பெஞ்சிலிருந்து வந்த ஆக்ஸ் என்சே ஸ்க்ரம்மில் எதிராளியை மடக்கிப் பெனால்டி வாங்கித் தந்தார். பெஞ்சிலிருந்து வந்த போலார்ட் பாதி மைதானத் தூரத்திலிருந்து அதை உதைத்து உள்ளே அனுப்பினார். 16-15. போலார்ட் தொடக்கத்தில் உலகக் கோப்பை அணியிலேயே இல்லை. மார்க்ஸ் காயமடைந்ததால் இடையில் அழைக்கப்பட்டவர்.

வைகை வடகரை

நான் பிசியோதெரபிஸ்ட். அதனால் இரண்டு விஷயம்.

முதலாவது, எல்லாரும் எராஸ்மஸ் பெயரையே சொல்கிறீர்கள். 2023இல் தலைமைப் பயிற்சியாளர் ஜாக் நீனாபர். அவர் படித்தது பிசியோதெரபி. சீட்டாஸ் அணிக்கு பிசியோவாக வந்து, உடற்தகுதிப் பயிற்சி, பிறகு தற்காப்பு ஆட்டம் என்று படிப்படியாக ஏறியவர். எராஸ்மஸ் போன இடமெல்லாம், மன்ஸ்டர் உட்பட, கூடவே போனவர். ஒரு தசைநார் எவ்வளவு நேரத்தில் களைக்கும், களைத்த பிறகு என்ன தவறு செய்யும் என்று தெரிந்தவர் பக்கத்தில் இருந்ததால்தான் பெஞ்சை அப்படி அடுக்க முடிந்தது என்று நான் நம்புகிறேன். நம் பக்கத்து அணிகளில் பிசியோ என்றால் ஐஸ் கட்டி வைக்கவும் டேப் சுற்றவும் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். ஆட்டத் திட்டம் பேசும்போது அவரையும் உட்கார வையுங்கள்.

இரண்டாவது, இந்த முறையில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. 2023இல் ஏழு ஃபார்வர்டு, ஒரே ஒரு பேக் என்று இன்னும் ஒரு படி மேலே போனார்கள். களைத்துத் தடுமாறும் ஆட்கள் மீது ஏழு புதிய கனத்த உடல்களை இறக்குவது காயத்தைக் கூட்டாதா என்று ரக்பி உலகத்திலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. மோதல் விளையாட்டில் தலைக்காயம் விளையாட்டுச் சமாசாரம் இல்லை.

ஆனையூர்

வடகரை சொல்லும் உறுத்தல் எனக்கும் புரிகிறது. ஆனால் 7-1 என்பது எதிரணிக்கு மட்டும் ஆபத்து இல்லை, வைத்துக்கொள்பவருக்கும்தான். 2023 இறுதியில் மூன்றாம் நிமிடத்திலேயே ஹூக்கர் பொங்கி ம்போனாம்பி காயத்தோடு வெளியேறினார். பெஞ்சில் அசல் ஹூக்கர் கிடையாது. ஃபிளாங்கராக ஆடிப் பழகிய டியான் ஃபூரிதான் உள்ளே வந்தார். வயது 37. ஓரக் கோட்டிலிருந்து பந்தை மறுபடி உள்ளே எறியும் லைன்-அவுட்டில் பந்து எறிவது தடுமாறியது. ஆட்டம் முழுக்க அவரே இழுத்துப் பிடித்தார். மறுபக்கம் நியூசிலாந்து கேப்டன் சாம் கேனுக்குச் சிவப்பு அட்டை. முடிவு 12-11. கால் இறுதியில் பிரான்ஸை 29-28, அரையிறுதியில் 16-15, இறுதியில் 12-11. மூன்றும் ஒரே ஒரு புள்ளி. பீட்டர்-ஸ்டெஃப் டு டோய் அன்றைக்கு மட்டும் 28 டேக்கிள் (பந்தோடு வருபவரைப் பிடித்து விழுத்தாட்டுவது).

உசிலை

சாதனை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த இழையில் யாரும் வாய் திறக்காத ஒன்றை நான் சொல்லியே ஆக வேண்டும்.

2021இல் லயன்ஸ் அணி தென்னாப்பிரிக்கா வந்தபோது முதல் டெஸ்டில் 22-17 என்று தோற்றார்கள். அதன் பிறகு எராஸ்மஸ் என்ன செய்தார்? நடுவர் நிக் பெரியின் முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குறை சொல்லி 62 நிமிட வீடியோ ஒன்றைப் பேசிப் பதிவு செய்தார். அது உலகம் முழுக்கப் பரவியது. அந்த நடுவரும் அவர் குடும்பமும் என்ன பாடுபட்டிருப்பார்கள்? உலக ரக்பி அமைப்பு இரண்டு மாதம் எல்லா ரக்பி வேலைகளிலிருந்தும், 2022 செப்டம்பர் இறுதிவரை ஆட்ட நாள் வேலைகளிலிருந்தும் அவரைத் தடை செய்தது. அதோடு நிறுத்தினாரா? 2022 நவம்பரில் சமூக ஊடகத்தில் மறுபடியும் நடுவரை வம்புக்கு இழுத்து மறுபடியும் தடை வாங்கினார்.

கபடியில் நடுவரை அடிக்கப் பாய்கிற கூட்டத்தை நான் பார்த்தவன். பொங்கல் நேரத்து இரவு ஆட்டத்தில் ஒரு புள்ளித் தகராறில் நடுவர் சட்டை கிழிந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். பெரிய பயிற்சியாளரே இப்படிச் செய்தால் சின்னப் பையன் எதைக் கற்றுக்கொள்வான்? இந்த ஓர் இடத்தில் அவரை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

திருமங்கலம் பி.டி. வாத்தியார்

உசிலை சொன்னது முழுக்கச் சரி. முடிவு தவறாக இருந்தால் எழுத்தில் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. ஊரைக் கூட்டி நடுவரை நடுவில் நிறுத்துவது எந்த விளையாட்டிலும் கூடாது. ரக்பியில் கேப்டன் மட்டும்தான் நடுவரிடம் போய்ப் பேசலாம் என்ற மரபு இருக்கிறது; ஆறரை அடி ஆள்கூட நடுவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறான். நான் அந்த விளையாட்டை மதிக்கத் தொடங்கியதே அதனால்தான். அந்த மரபில் வளர்ந்தவர் அதை மீறியிருக்கக் கூடாது.

நரிமேடு

ஐயா, அண்ணே, இதில் நானும் உங்கள் பக்கம்தான். அவர் செய்ததற்கு நியாயம் கற்பிக்க மாட்டேன்.

ஆனால் அதே மனிதரின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2019 இறுதிக்குப் பிறகு நிருபர்கள் நெருக்கடியைப் பற்றிக் கேட்டபோது, தங்கள் நாட்டில் வேலை இல்லாமல் இருப்பதும், நெருங்கிய உறவைக் கொலைக்குப் பறிகொடுப்பதும்தான் நெருக்கடி, ரக்பி நெருக்கடியைத் தரக் கூடாது, நம்பிக்கையைத் தர வேண்டும் என்கிற பொருளில் சொன்னார். அந்த உலகக் கோப்பையின்போது ஆட்டக்காரர்கள் தங்களுக்கு நெருங்கியவர்களின் படங்களைச் சட்டை எண்ணில் பதிக்கக் கொடுத்தார்கள். மபிம்பி மட்டும் தன் படத்தையே கொடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, தனக்கு வேறு யாரும் இல்லை என்றார். அம்மா, சகோதரி, சகோதரன் எல்லாரையும் இழந்தவர். இதை வெளியே சொல்லி, அணிக்குள் யார் எதைச் சுமந்து வருகிறார்கள் என்று எல்லாரையும் உணர வைத்தவர் எராஸ்மஸ்.

செல்லூர்க்காரி

மபிம்பி விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எங்கள் பிள்ளைகளிலும் பாட்டி வீட்டிலிருந்து வருபவள், விடுதியிலிருந்து வருபவள் என்று பலர் இருக்கிறார்கள். பரிசு வழங்கும் நாளில் 'பெற்றோர் மேடைக்கு வரவும்' என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதை நிறுத்தச் சொல்லி ஒரு போட்டி அமைப்பாளரிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். என்னிடம் ஆடும் பிள்ளைகள் சிலருக்கு ரக்பி ஆசை வந்துவிட்டது. பிடி போடுவதில் எங்கள் பிள்ளைகள் கெட்டிக்காரிகள். அப்படியே ரக்பிக்குப் போனால் சரிப்படுமா?

வைகை வடகரை

சகோதரி, தைரியமும் கால் வேகமும் அப்படியே பயன்படும். ஆனால் இரண்டு பழக்கங்களை முதல் நாளே மாற்ற வேண்டும்.

ஒன்று, கபடியில் பிடித்தால் விடக் கூடாது. ரெய்டர் நடுக்கோட்டைத் தொடாமல் இருக்க, விசில் ஊதும்வரை இறுக்கிக்கொண்டே கிடக்க வேண்டும். ரக்பியில் ஆளை விழுத்தாட்டிய மறுகணமே கையை எடுத்து, உருண்டு விலக வேண்டும். விழுந்தவரும் பந்தை விட்டுவிட வேண்டும். பிடித்துக்கொண்டே கிடந்தால் பெனால்டி. எதிரணிக்கு மூன்று புள்ளி போகலாம். கபடியில் நல்ல பெயர் வாங்கிய பிடிக்காரர்தான் இங்கே அதிகப் பெனால்டி கொடுப்பார். உடம்பில் ஊறிய பழக்கத்தை மாற்றப் பல வாரம் ஆகும், பொறுமையாக இருங்கள்.

இரண்டு, கணுக்கால் பிடி. கபடியில் தலையைக் கீழே கொண்டுபோய்ப் பாய்வீர்கள். ரக்பியில் ஓடிவரும் முழங்கால் நேராகத் தலையில் மோதும். தொடைப் பிடியிலிருந்து தொடங்குங்கள். தோள் முதலில் பட வேண்டும், இரண்டு கையும் சுற்ற வேண்டும், தலை எப்போதும் எதிராளியின் உடலுக்குப் பின்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது. தோளுக்கு மேலே பிடித்தால் ஆபத்தான ஆட்டம், அட்டை வரும். முதலில் இருவரும் முழங்காலிட்டுச் செய்யட்டும். பிறகு நடந்து. அதன் பிறகே ஓடி. நம் மைதானங்கள் பெரும்பாலும் கட்டாந்தரை. புல் இல்லாத இடத்தில் டேக்கிள் பழகவே வேண்டாம். தலையில் அடிபட்டுக் கண் மங்குகிறது, குமட்டுகிறது என்றால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தது. எவ்வளவு அழுதாலும் திரும்ப இறக்காதீர்கள்.

உசிலை

வடகரை எழுதியதைத் தாளில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். விடுகிற பழக்கம் வர நாள் ஆகும் என்பது உண்மை. பின்னாலேதான் பந்தை எறிய வேண்டும் என்பதும் பையன்களுக்கு முதலில் பிடிபடாது.

என் கேள்வி நரிமேடுக்கு. பெஞ்ச் விஷயத்தைக் கபடிக்கு எப்படிக் கொண்டுவருவது? எங்கள் கேப்டனை நடு ஆட்டத்தில் வெளியே அழைத்தால் ஊரே சண்டைக்கு வரும்.

திருமங்கலம் பி.டி. வாத்தியார்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், நரிமேடு தம்பி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கபடியில் அணிக்கு 12 பேர். ஏழு பேர் களத்தில், ஐந்து பேர் வெளியே. 20 நிமிடம், இடைவேளை, மறுபடியும் 20 நிமிடம். நம் பக்கத்தில் அந்த ஐந்து பேர் தண்ணீர் பாட்டில் தூக்குகிறார்கள், அவ்வளவுதான். யாருக்காவது கால் மடங்கினால்தான் அவர்கள் ஞாபகமே வரும். இரண்டாம் பாதி பத்தாவது நிமிடத்தில் முதன்மை ரெய்டருக்கு மூச்சு வாங்கும்; பாய்ச்சலில் பாதிதான் இருக்கும். அந்த நேரத்துக்கென்றே ஒரு ரெய்டரைத் தயார் செய்து வையுங்கள். அவரிடம் ஆட்டத்துக்கு முந்தைய நாளே சொல்லுங்கள்: நீ முதல் ஏழில் இல்லை, ஆனால் கடைசிப் பத்து நிமிடம் உன்னுடையது, எதிரணியின் இடது கார்னர் அந்த நேரத்தில் தாமதமாக வருவான், அவனைப் பார்த்துப் பழகு. இப்படிச் சொன்னால் அந்தப் பையன் வெளியே உட்கார்ந்திருக்கும் முப்பது நிமிடமும் அந்தக் கார்னரையே பார்த்துக்கொண்டிருப்பான்.

கேப்டனிடமும் முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவில் கையை ஆட்டிக் கூப்பிட்டால் அவருக்கு அவமானம், ஊருக்குக் கோபம். எந்த நிமிடத்தில், எதற்காக என்று அவர் வாயாலேயே மற்ற பையன்களுக்குச் சொல்ல வையுங்கள். கொலிசி உலகக் கோப்பை அரையிறுதியில் வெளியே வந்து உட்கார்ந்தார் என்று அந்தக் கேப்டனுக்கு இந்த இழையைக் காட்டுங்கள்.

உசிலை

வரும் உள்ளூர்ப் போட்டியில் செய்து பார்க்கிறோம், ஐயா. இரண்டாவது ரெய்டராக ஒரு பையன் இருக்கிறான், ஒல்லி, ஆனால் கால் பறக்கும். இன்றைக்கே அவனிடம் பேசுகிறேன்.

நரிமேடு

பேசுங்கள் அண்ணே. சகோதரி, உங்கள் பிள்ளைகளுக்கு ரக்பி பந்து வேண்டுமென்றால் என்னிடம் கூடுதலாக இருக்கிறது. காற்று அடித்து வைத்திருக்கிறேன். புல் உள்ள இடமாகப் பார்த்துச் சொல்லுங்கள், வடகரையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.